எல்லாப் பூச்சியும் ஒரே மாதிரிச் செட்டை அடிக்காது: முன்பள்ளி ரீச்சர்மாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ரீச்சர்மார், யாழ்ப்பாணத்தில முன்பள்ளி நடத்திற உங்களுக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பு வைக்கிற அதிகாரியளுக்கும் சேர்த்துத்தான் எழுதிறன். கோவிக்காதேங்கோ, அந்தச் சின்னச் சம்பளத்துக்கு நீங்கள் படுற பாடு எங்களுக்கும் தெரியும். விசயம் பூச்சிப் பாட்டு, பிள்ளையள் கைகாலை ஆட்டி நடிச்சுப் பாடுற அக்சன் சோங்.

அண்டைக்கு ஒரு கலைவிழாவில பாத்தன், வண்ணத்துப்பூச்சி வந்துது, பிறகு தேனீ, பிறகு தும்பி, கடைசியா நுளம்பு, எல்லாத்துக்கும் பிள்ளையள் செய்தது ஒண்டே ஒண்டுதான், ரெண்டு கையையும் விரிச்சுப் படபடவெண்டு அடிக்கிறது. அதுவும் கம்பியும் நெற்றும் வச்சுத் தைச்ச செட்டையை முதுகில கட்டிவிட்டதால பாவங்கள், கையைத் தூக்கவும் ஏலேல்லை. பாட்டு யூரியூப்பில எடுத்தது, அது ஓடுற ஓட்டத்துக்குப் பின்னால இழுபட்டுதுகள்.

நான் கேக்கிறது இதுதான்: எந்தப் பூச்சியைப் பாடுறமோ அந்தப் பூச்சியின்ர வேலையைப் பிள்ளை செய்யட்டும். வண்ணத்துப்பூச்சி இருக்கேக்க பெரும்பாலும் செட்டையை மேல சேர்த்து மூடும், தும்பி விரிச்சபடியே இருக்கும். அப்ப பாட்டு நிண்டதும் வண்ணத்துப்பூச்சிக்குத் தலைக்கு மேல கைகூப்பு, தும்பிக்குக் கையை நீட்டி ஆடாம நில். மழைக்கு முதல் முற்றத்தில தாழப் பறக்கிற தும்பியைப் பாத்த பிள்ளைக்கு இதைச் சொல்லிக் குடுக்கவே தேவையில்லை. எறும்புக்கு ஒரு கையில மூண்டு விரல் மற்றக் கையில மூண்டு, ஆறு கால் சரி. சிலந்திக்கு நாலும் நாலும் எட்டு. சிலந்தி பூச்சி இனமில்லை எண்டு மூண்டு வயசுக்கு விரிவுரை வைக்கத் தேவையில்லை, பெருவிரலை மடக்கினாக் காணும்.

கைக்குழந்தையளைப் பாக்கிறவைக்கும் ஒண்டு. ஒரு வயசுக்குள்ள இருக்கிறதிட்ட "செய் செய்" எண்டு நிக்காதேங்கோ, அதுக்குப் பாட்டு அதின்ர மேலில நடக்கோணும். மடியில வச்சு, மணிக்கட்டில வெளிக்கிட்ட எறும்பு முழங்கையில வந்து நிண்டு, பாட்டையும் நிப்பாட்டிப்போட்டுப் பிள்ளையின்ர முகத்தைப் பாருங்கோ, அது மூச்சைப் பிடிச்சுக்கொண்டு உங்களையே பாக்கும், அதுக்குப் பிறகுதான் கமக்கட்டுக்குள்ள ஒரே ஓட்டம். அம்மம்மாமார் நண்டு ஊர விட்டதும் இதே கணக்கில. போன் வீடியோ பிள்ளைக்காக நிண்டு பாக்காது. துள்ளுற வெட்டுக்கிளிப் பாட்டுக்கு ரெண்டு வயசாவது வேணும், அப்பதான் ரெண்டு காலும் ஒண்டா நிலத்தை விட்டு எழும்பும்.

புழுப் பாட்டில இன்னொரு அவசரம், புழு அடுத்த வரியிலயே பறந்திடும். வேலியோர எருக்கலையில மஞ்சள் கறுப்பு வெள்ளை வரி போட்ட புழுவைப் போய்ப் பாருங்கோ, கூடு கட்டினாப் பிறகு நாள்க்கணக்கா அசையாம தொங்கும். பிள்ளையளையும் ஒரு துணிக்குள்ள சுருண்டு படுக்க விடுங்கோ, ரீச்சருக்கும் கொஞ்சம் காது ஓயும்.

நுளம்புப் பாட்டு எப்பவும் கையைத் தட்டிக் கொல்லுறதோடதான் முடியுது. டெங்கு நுளம்பு பகலில கடிக்கிறது, சிரட்டையிலயும் பழைய ரயருக்குள்ளயும் தேங்கின தண்ணிதான் அது பெருகிற இடம், அப்ப உள்ளங்கையைக் குழிச்சுப் பிடிச்சு டப்பெண்டு கவிழ்க்கிறதை அக்சனா வையுங்கோவன். மாரி தொடங்க முதல் பழக்கினா வீட்டை வந்து எங்களைத் திட்டிக் கவிழ்ப்பிப்பினம்.

தேனீக்கு நாங்கள் ஒண்டும் யோசிக்கவே தேவையில்லை. பூ எங்க இருக்கு எண்டு மற்றத் தேனீயளுக்குச் சொல்ல அது வயித்தை ஆட்டி ஆட்டி எட்டுப் போட்டு ஓடும், அந்த ஆட்டத்தின்ர அர்த்தத்தைக் கண்டுபிடிச்ச கார்ல் வொன் பிரிஷுக்கு 1973இல நோபல் பரிசு கிடைச்சது. அக்சன் சோங்கில தேனீ எங்களுக்கு முன்னோடி.

ஆனா எனக்கு ஆசை முசுறில. மாமரத்தில இலையைச் சேர்த்துக் கூடு வைக்கிற அதே சிவப்பு எறும்புதான். கனபேர் வரிசையா நிண்டு இலைக் கரையைக் கடிச்சு இழுத்துப் பிடிப்பினம், வேற ஆக்கள் தங்கட புழுக்குஞ்சை வாயில தூக்கிக்கொண்டு வந்து அங்கயும் இஞ்சயும் தொட்டுத் தொட்டு அது விடுற நூலால இலையைத் தைப்பினம். வேலை செய்யிறது எல்லாம் பெண்தான். அந்த அக்காமாருக்கு நானே நாலு வரி கட்டினன்:

இழு இழு இலையை இழு
முசுறு அக்கா இழு இழு
தங்கச்சிப் புழுவைத் தூக்கி வந்து
தையல் போடு தையல் போடு

ரெண்டு வரிசை, வரிசைக்கொரு சாரத்தை இலையெண்டு பிடிச்சுக் கரையோட கரை சேர இழுக்கோணும், ஒரு பிள்ளை பொம்மையைத் தூக்கிக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடி ஓடித் தொட்டுக்கொண்டு வரோணும். தனிய ஒருத்தரால ஏலாத வேலை, அதால மேடையில ஆர் முன்னுக்கு எண்ட சண்டையும் இல்லை.

அடுத்த பயிற்சியில ஒருக்காச் செய்து பாருங்கோ. மெட்டை நீங்களே போடுங்கோ, எனக்குக் குரல் இல்லை. சாரம் மட்டும் பழசா இருக்கட்டும், கட்டாயம் கிழிப்பினம்.