மதியம் 2 மணி

அன்புள்ள மீனா,

முந்தாநாள் போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "பகல் பூரா பேச ஒரு ஆள் இல்லம்மா. குழந்தை முகத்தையும் மழையையும் மாத்தி மாத்திப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ எப்படித்தான் இருந்தியோ" என்றாய். அதற்குள் குக்கர் விசில் அடித்தது, பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

நியூ ஜெர்சியில் இந்த எடிசன் ஊருக்கு நான் வந்தது 1987 நவம்பரில். நீ வயிற்றில் நாலு மாதம். அப்பா காலை ரயில் பிடித்தால் இரவு எட்டுக்குத்தான் வீடு. ஊருக்குப் பேசுவது மாதம் ஒரு தடவை, அதுவும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. கல்லூரியில் ஷேக்ஸ்பியர் படித்தவள்தான், ஆனால் மளிகைக் கடையில் பில் போடும் பெண் கேட்டது புரியாமல் திருதிருவென்று விழித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் கடைப்பக்கமே போகவில்லை.

முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன டிவி ஒன்று வீட்டில் இருந்தது. மதியம் 2 மணிக்கு சிபிஎஸ் சேனலில் 'ஆஸ் தி வேர்ல்ட் டர்ன்ஸ்' என்று ஒரு குடும்பத் தொடர். யார் யாருக்குப் புருஷன், யார் யாரை விட்டு ஓடிப்போனார்கள் என்று முதல் வாரம் ஒரு தலையும் வாலும் பிடிபடவில்லை. ஆனால் அதில் ஒரு பாட்டி பேசினது மட்டும் எனக்குப் புரிந்தது. வருகிறவர்களைச் சாப்பிட்டாயா என்கிற மாதிரி கேட்பாள், வேண்டாத இடத்தில் மூக்கை நுழைப்பாள், பிள்ளைகளைக் கண்டிப்பாள். நம் பெரியத்தைதான், சேலை மட்டும் இல்லை! நான்சி ஹியூஸ் என்று பெயர். நடித்தவர் ஹெலன் வாக்னர். அவள் ஒரு வாக்கியம் சொன்னால் நானும் சன்னமாகத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பேன். நீ வயிற்றுக்குள் இருந்து கேட்ட முதல் ஆங்கிலம் அதுதான்.

அந்தம்மாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்ததெல்லாம் பிறகுதான். 1918-இல் டெக்சாஸ் லப்பக்கில் பிறந்தவர். பாடத் தெரிந்தவர், நியூயார்க்கில் பிராட்வே நாடக மேடையில் இருந்துவிட்டு டிவிக்கு வந்திருக்கிறார். 1956 ஏப்ரல் 2-ஆம் தேதி இந்தத் தொடர் தொடங்கியது. முதல் காட்சியின் முதல் வசனம் அவருடையது. புருஷனைப் பார்த்து 'குட் மார்னிங், டியர்' என்பார். அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தையில் ஆரம்பித்த வேலை 54 வருஷம் ஓடியது. காபி ஊற்றுகிற விதம் பிடிக்கவில்லை என்று தொடரை உருவாக்கிய இர்னா பிலிப்ஸ் ஆரம்பத்திலேயே அவரை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்ததாக ஒரு கதை சொல்வார்கள். நான் போட்ட காபியை உன் அப்பாவின் அம்மா முகர்ந்து பார்த்த நாள் ஞாபகம் வந்தது எனக்கு.

அப்போதெல்லாம் நேரலை. தினம் அரை மணி நேரம், வசனம் மறந்தால் ஊர் முழுக்கப் பார்க்கும். 1975 வரைக்கும் அப்படித்தான் நடத்தியிருக்கிறார்கள். அப்படி ஒரு நாள்தான் 1963 நவம்பர் 22. நான்சி, தொடரில் வரும் தாத்தாவிடம் நின்று குடும்பக் கதை பேசிக்கொண்டிருக்கிறாள், விருந்துக்கு யாரைக் கூப்பிடுவது என்கிற விவகாரம். நடுவில் படம் மறைந்து சிபிஎஸ் செய்தி அறிவிப்புப் பலகை வருகிறது. செய்தி வாசிக்கும் வால்டர் கிரான்கைட்டின் குரல் மட்டும் கேட்கிறது: டல்லாசில் அதிபர் கென்னடி மீது துப்பாக்கிச் சூடு. செய்தி அறையில் கேமரா சூடாகி வேலை செய்ய நேரம் பிடிக்கும் என்பதால் முகத்தைக் காட்ட முடியவில்லையாம். தொடர் நடந்த ஸ்டுடியோவில் யாருக்கும் விஷயம் தெரியாது. அவர்கள் பாட்டுக்கு நடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். டிவியில் அந்தத் துண்டை எத்தனையோ தடவை போட்டுவிட்டார்கள். எல்லோரும் கிரான்கைட்டின் குரலைக் கேட்பார்கள். எனக்கு, வெட்டுப்பட்ட பிறகும் ஆள் பார்க்காத வசனத்தைச் சிரத்தையாகப் பேசிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான் கண்முன் தோன்றும்.

இந்த மாதிரித் தொடர்களை சோப் ஓப்பரா என்று இளக்காரமாகச் சொல்வீர்கள். ரேடியோ காலத்திலிருந்து சோப்புக் கம்பெனிகள் பணம் போட்டதால் வந்த பெயர் அது. இந்தத் தொடரும் பிராக்டர் அண்ட் கேம்பிளுடையதுதான், நாம் துணிக்குப் போடுகிற டைடு அவர்கள் சரக்கு. துணி மடிக்கிற பெண்களுக்காக எடுத்தார்கள், நானும் துணி மடித்துக்கொண்டுதான் பார்த்தேன். கதையில் அபத்தம் நிறைய, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான்சியின் இரண்டாவது கணவருக்கு அல்சைமர் வந்து மனைவியையே அடையாளம் தெரியாமல் போனபோது, ஊரில் என் அப்பா என்னை யாரென்று கேட்டுக்கொண்டிருந்த காலம். அதை நான் வீட்டில் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, உன் அப்பாவிடம்கூட. அவள் அந்தச் சமையலறையில் கை துடைத்துக்கொண்டு நின்றது எனக்குப் போதுமாக இருந்தது.

2010 மே 1-ஆம் தேதி ஹெலன் வாக்னர் இறந்துபோனார். வயது 91. உனக்குக் கல்லூரிக் கடைசிப் பரீட்சை. போனில் என் குரல் கேட்டுப் பதறிவிட்டு, விஷயம் தெரிந்ததும், "யாரோ ஒரு டிவி பாட்டிக்கா அழுற?" என்று சிரித்தாய். கோபமில்லை கண்ணா, அன்றைக்கு என்னால் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான். தொடரும் அந்த வருஷமே செப்டம்பர் 17-ஆம் தேதியோடு நின்றது, 13,858 பகுதிகள். கடைசி வசனம் 'குட் நைட்'. அவர் மகனாக நடித்த டான் ஹேஸ்டிங்ஸ் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவாவது அவர் இன்னும் நாலரை மாதம் இருந்திருக்கலாம் என்று இப்போதும் தோன்றும்.

பத்தியப் பொடியும் பூண்டு லேகியமும் பார்சலில் வருகிறது, வெள்ளிக்கிழமை சேர்ந்துவிடும். லேகியம் நெல்லிக்காய் அளவு, அதற்கு மேல் வேண்டாம். என் முழங்காலுக்கு டாக்டர் சரி என்றதும் டிக்கெட் போட்டுவிடுவேன். அதுவரை தினமும் இங்கே மதியம் 2 மணிக்குக் கூப்பிடுகிறேன், உனக்கு அங்கே காலை 11. குழந்தை தூங்கினால் எடுக்காதே, நீயும் தூங்கு. எடுத்தால் ஒன்றும் பேச வேண்டாம், ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் வேலையைப் பார். நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பேன்.

அன்புடன்,
அம்மா