ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விடை: உங்கள் தேடல் மென்பொருள் குறித்த புகார்

அனுப்புநர்:
ஆவணப் பிரிவுப் பொறுப்பாளர்,
இயந்திரப் பராமரிப்பு நிறுவனம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை,
அலுவலக உள்தேடல் மென்பொருள் பிரிவு.

பொருள்: தேடலில் காலாவதியான ஆவணம் முதலில் வருவதும், ரகசியக் கோப்புகளின் தலைப்பு வெளியே தெரிவதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் மென்பொருளை நிறுவி 8 மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஊழியரையும் புரிந்துகொண்டு அவருக்கு வேண்டியதை எடுத்துத் தரும் என்று உங்கள் விற்பனைப் பிரதிநிதி சொன்னார். புரிந்துகொள்வதில் ஒரு குறையும் இல்லை. வேண்டியதைத் தருவதில்தான் கோளாறு.

போன மாதம் ஒரு கம்ப்ரஸரின் பாதுகாப்பு வால்வை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் மூத்த ஃபோர்மேனும், வேலையில் சேர்ந்து மூன்று வாரமே ஆன பயிற்சியாளரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே பாக எண்ணைத் தட்டினார்கள். பயிற்சியாளருக்கு முதலில் வந்தது திருத்திய நடைமுறை. ஃபோர்மேனுக்கு வந்தது நாங்கள் கைவிட்ட பழையது. இத்தனை மாதமும் அவர் திறந்து பார்த்தது பழையதைத்தான். அதனால் இவருக்கு இதுவே போதும் என்று உங்கள் மென்பொருள் முடிவு கட்டிவிட்டது. புதியது அவருக்கு 12-வது இடத்தில், அடுத்த பக்கத்தில் கிடந்தது.

அந்தப் பாக எண் எங்கள் களஞ்சியத்தில் இரண்டே கோப்புகளில்தான் இருக்கிறது: பழையதிலும் புதியதிலும். இடையில் வந்த பத்திலும் எண்ணே கிடையாது. எல்லாம் அவர் அடிக்கடி திறப்பவை. அரிதாக வரும் சொல்லுக்கே அதிக எடை என்று தகவல் தேடல் ஆய்வாளர் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதினார். தேடல் துறையில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மாறியிருந்தது போல்ட்டை இறுக்கும் டார்க் (முறுக்குவிசை) அளவு. “சார், எனக்கு வேற நம்பர் காட்டுதே” என்று அந்தப் பையன் கேட்டதால் தப்பித்தோம். புதுசாக வந்தவன், நமக்கெதற்கு என்று வாயை மூடிக்கொண்டிருந்தால்? இதை எழுதிக் கேட்டதற்கு, “மென்பொருள் வடிவமைத்தபடியே இயங்குகிறது” என்று ஒரே வரியில் பதில் எழுதிப் புகாரை முடித்துவிட்டீர்கள்.

‘இது பற்றி யாரைக் கேட்கலாம்’ என்றொரு பெட்டி வைத்திருக்கிறீர்கள். அதில் வெல்டிங் நிபுணர் நான்தான்! கோப்புகளின் தலைப்பைத் திருத்துவதற்காக அவற்றை நூறு முறை திறந்தது என் குற்றம். வெல்டிங் ராடைக் கையால் தொட்டதில்லை. ஆனால் வாரத்துக்கு நாலு பேர் என்னை அழைக்கிறார்கள். உண்மையில் விஷயம் தெரிந்தவர் கணினிப் பக்கமே வராதவர். உங்கள் பட்டியலில் அவர் பெயரே இல்லை.

இதைவிட மோசம் தேடல் பெட்டி காட்டும் பரிந்துரைகள். ‘ஆ’ என்று தட்டியவுடன் ‘ஆட்குறைப்பு – உத்தேசப் பட்டியல்’ என்று எல்லோருக்கும் வந்தது. கோப்பைத் திறக்க முடியாதுதான். தலைப்பு போதாதா? அன்று மத்தியானத்துக்குமேல் ஒருவரும் வேலை பார்க்கவில்லை. அனுமதியைக் கோப்பு திறக்கும்போது மட்டும் சரிபார்த்தால் போதாது, பரிந்துரை காட்டும் முன்பே சரிபார்க்க வேண்டும்.

தமிழ்க் கோப்புகளிலும் ஒரு சிக்கல். யூனிகோடில் ‘கொ’வின் துணைக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. இரண்டும் ஒன்றே என்பதுதான் யூனிகோடு விதி. உங்கள் மென்பொருளுக்கு அவை இரண்டும் வேறு வேறு சொல். ‘கொதிகலன்’ என்று தேடினால் பாதிக் கோப்புகள் வருவதே இல்லை.

தலைப்புக் கசிவை உடனே அடைத்துவிடுங்கள். நடைமுறை ஆவணங்களுக்கு, ஆளுக்கேற்ப விடையை மாற்றும் தனிப்பயனாக்கத்தை முழுவதும் நிறுத்தும் வசதி வேண்டும். எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்பதை நாங்கள் குறித்தால், அது எல்லோருக்கும் முதலில் வர வேண்டும். மற்றவற்றுக்குக் கால அட்டவணை கொடுங்கள். ஒப்பந்தப் புதுப்பிப்பு என் மேசையில்தான் இருக்கிறது. 15 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் வராவிட்டால் அதில் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
ஆவணப் பிரிவுப் பொறுப்பாளர்

இணைப்பு: இரு மேசைகளிலும் எடுத்த திரைப்பதிவுகள்