பாத்ரூம் பக்கத்தில் ஒரு பனிமலை

பான்ஃப், ஆல்பர்ட்டா
மார்ச் 27

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் நால்வரும் நலம். அங்கே வெயில் ஏறத் தொடங்கியிருக்கும். அப்பா, மத்தியானத்தில் தோட்டத்துக்குப் போகாதீர்கள்.

பனிச்சறுக்குக்குப் போகிறோம் என்றதும் போன வாரம் போனில் கேட்டீர்களே அப்பா, "காசு கொடுத்துப் போய்ப் பனியில் விழணுமா?" என்று. நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் அம்மா குறுக்கே வந்து சளி, காய்ச்சல் என்று ஆரம்பித்து, பேச்சு சுக்குக் கஷாயத்தில் போய் முடிந்தது. அதனால்தான் கடிதம். இதில் அம்மாவால் குறுக்கே பேச முடியாது. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். மாப்பிள்ளை பாத்ரூமில் ஈரக் கையுறைகளை ஹேர் டிரையரால் காய வைத்துக்கொண்டிருக்கிறார்.

ஊர் உலகமெல்லாம் போகிறது என்று நாங்கள் கிளம்பவில்லை. நாங்கள் குடியிருக்கும் கால்கரியில் நவம்பரில் விழுகிற பனி ஏப்ரல் வரை இருக்கும். நடுவில் சினூக் என்று ஒரு வெப்பக் காற்று மலையிலிருந்து இறங்கும். காலையில் மைனஸ் பதினைந்தாக இருந்தது சாயங்காலம் ப்ளஸ் ஐந்தாகிவிடும், தெருவெல்லாம் தண்ணீர் ஓடும். இரண்டு நாளில் பழையபடி உறைந்துவிடும். இந்த ஆறு மாதத்தையும் வீட்டுக்குள்ளேயே கழித்தால் பிள்ளைகளும் சோர்ந்துபோகிறார்கள், நானும் சிடுசிடுவென்று ஆகிவிடுகிறேன். பனியை வெறுத்துக்கொண்டே எத்தனை வருஷம் பனியில் குடியிருப்பது?

போன வருஷம் ஒருமுறை முயன்று பார்த்தோம். உங்களிடம் சொல்லவில்லை. பிப்ரவரியில் குடும்ப தினம் என்று ஒரு திங்கட்கிழமை இங்கே விடுமுறை. பெரிய மலையாகப் பார்ப்போம் என்று அந்த நாளிலேயே கிளம்பினோம். ஆல்பர்ட்டாவில் கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அதையே நினைத்திருந்தார்கள். எங்கேயோ ஒரு மூலையில் காரை நிறுத்திவிட்டு, இரண்டு ஜோடி ஸ்கீ (சறுக்குவதற்குக் காலில் மாட்டுகிற நீளப் பலகை), நான்கு ஜோடி பூட்ஸ், ஒரு அழுகிற பையன், எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு நடந்தோம். இந்த உடுப்பு எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். முதலில் உடம்போடு ஒட்டிய தெர்மல். அதன்மேல் கம்பளிச் சட்டை. முழங்கால் வரை ஒரே ஒரு மெல்லிய கம்பளிக் காலுறை. இரண்டு போட்டால் பூட்ஸ் இறுக்கி ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சில்லிட்டுப்போகும். அப்புறம் தோள்பட்டையில் மாட்டுகிற பனிக்கால்சட்டை, ஜாக்கெட், கழுத்துக்கு ஒரு குழாய்த்துணி, ஹெல்மெட், கண்ணாடி. கடைசியில் விரல் பிரியாத கையுறை, ஏனென்றால் விரல்கள் ஒட்டியிருந்தால்தான் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கும். இருபத்தைந்து நிமிஷம் பாடுபட்டு இத்தனையும் மாட்டி, கடைசிக் கொக்கியைப் போட்டு நிமிர்ந்தேன்.

"அம்மா, உச்சா."

பாத்ரூம் மாடியில். வரிசை படிக்கட்டு வரை நின்றது. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ஒருமுறைகூடச் சறுக்காமல் வீடு திரும்பினோம்.

இந்த வருஷம் மறுபடி பேச்செடுத்தபோது, சாப்பாட்டு மேஜையில் பேப்பர் பேனாவோடு உட்கார்ந்தோம். அப்பா பூச்சிமருந்துக் கணக்கு எழுதுவது போலத்தான். மாப்பிள்ளையின் கல்லூரி நண்பர் டென்வரில் இருக்கிறார், கொலராடோவுக்கு வா வா என்கிறார். அங்கே பிரெக்கென்ரிட்ஜ் என்ற ஊரே 2,926 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதைவிட உயரத்தில் போய்ப் படுத்தால் முதல் இரண்டு நாள் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று போய்விடலாம். நாலு வயதுப் பிள்ளைக்குத் தலைவலியைச் சொல்லத் தெரியாது, அழத்தான் தெரியும். அதுபோக, வெயில் போன்ற பேர்பெற்ற இடங்களில் விடுமுறைக் காலத்தில் அன்றைக்கே போய் டிக்கெட் எடுத்தால் பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 300 அமெரிக்க டாலரைத் தாண்டும். (வெயில் என்பது ஊர்ப் பேர் அப்பா, பனிமலைக்கு என்ன பொருத்தம் பாருங்கள்.) மாப்பிள்ளையின் அமெரிக்க விசாவும் முடிந்துவிட்டது. அதோடு கொலராடோவைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம்.

வான்கூவர் பக்கம் இருக்கும் விஸ்லருக்குப் போக எனக்கு ஆசை இருந்தது. இரண்டு பெரிய மலைகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 4.4 கிலோமீட்டர் கம்பியில் தொங்கிக்கொண்டே போகலாம். கிராமம் 675 மீட்டரில்தான் இருக்கிறது, குளிரும் குறைவு. ஆனால் அந்தக் குறைந்த குளிரிலேயே வம்பும் இருக்கிறது: மேலே பனி கொட்டும்போது கீழே மழை பெய்யும், குழந்தைகள் இருக்கப்போவதோ கீழே. வான்கூவருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து இன்னும் இரண்டு மணி நேரம் கார் வேறு.

பிக் ஒயிட் என்று கெலோனா பக்கம் ஓர் இடம். குடும்பத்தோடு போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அறைக் கதவைத் திறந்தால் காலடியில் சறுக்குப் பாதை. மறந்த கையுறையை எடுக்க ஓடிவரலாம், உச்சாவுக்கும் ஓடிவரலாம். எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் போகிற வழியில் ரோஜர்ஸ் கணவாய் இருக்கிறது. பனிச்சரிவு தானாக விழுந்து வண்டிகளை மூடிவிடக் கூடாது என்று, சாலையை அடைத்துவிட்டு, ராணுவம் மலைமேல் பீரங்கியால் சுட்டு முன்கூட்டியே அதை விழ வைக்கும். திறக்கிற வரை காரில் காத்துக் கிடக்க வேண்டும். ஏழு மணி நேரப் பயணம், நடுவில் பீரங்கி, பின் சீட்டில் இரண்டு பேர். அம்மா, பயப்படாதே. அங்கே போகவில்லை.

கடைசியில் வீட்டுப் பக்கத்து மலைகளுக்கே வந்தோம். பான்ஃப் எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். இந்தத் தேசியப் பூங்காவுக்குள்ளேயே மூன்று இடங்கள். லேக் லூயிஸ் அழகு என்றால் அப்படி ஓர் அழகு, ஆனால் குளிரும் அதிகம், தூரமும் கூட. சன்ஷைனில் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு கோண்டோலா என்கிற, கம்பியில் தொங்கும் பெட்டியில்தான் மேலே போக வேண்டும். மேலே 2,160 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். மே மாதம் வரை பனி நிற்கும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் காரில் வைத்த மாற்றுடுப்பு கீழேயே கிடக்கும். மூன்றாவது நார்க்வே. 1926இல் தொடங்கிய பழைய இடம், ஊரிலிருந்து பத்து நிமிஷம். மற்ற இரண்டோடு பார்த்தால் சின்ன மலை. சன்ஷைனுக்குப் போகிற என் அலுவலகத் தோழி, "நார்க்வேக்கா போறீங்க?" என்று இழுத்தாள். இழுக்கட்டும். அவளுடைய பிள்ளைகளுக்குப் பதினாறு, பதினெட்டு வயது.

அப்பா, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆயிற்று: நாலு வயதுப் பிள்ளைக்கு மலையே வேண்டாம். நம் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையார் கோயில் வரை இருக்கும் தூரத்துக்கு ஒரு சரிவு, அதன் அடியில் சூடான ஓர் அறை, அந்த அறையில் பாத்ரூம். இவ்வளவு போதும். ஆயிரக்கணக்கான ஏக்கர் மலையைப் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதற்குக் கொடுக்கிற பணம் பெரியவர்களின் ஆசைக்குத்தான்.

காலமும் பார்த்துத்தான் எடுத்தோம். ஜனவரியில் கூட்டம் குறைவு, ஆனால் மைனஸ் முப்பது வந்தால் பிள்ளைகளை வெளியே விட முடியாது. மார்ச் கடைசியில் பள்ளிக்கு ஒரு வாரம் விடுமுறை, பகல் நீளம், மத்தியானம் ஜாக்கெட்டைத் திறந்துவிடுகிற அளவு வெயில். செலவையும் கேட்டிருந்தீர்கள். சின்னவனுக்கு லிஃப்ட் டிக்கெட் இல்லை, ஐந்து வயது வரை இலவசம். ஸ்கீயும் பூட்ஸும் ஊரிலேயே ஒரு கடையில் பருவம் முழுவதற்குமாக வாடகைக்கு எடுத்தோம். வாங்கினால் அடுத்த வருஷம் கால் வளர்ந்துவிடும். மாப்பிள்ளை சறுக்குவதில்லை, அவர் சுமைதாங்கி. மீதியை அம்மா ரூபாயில் பெருக்கிப் பார்க்க வேண்டாம், பெருக்கினால் இங்கே டீகூடக் குடிக்க முடியாது.

முதல் நாள் காலை, சின்னவனை ஒரு பெண் வாத்தியார் கூட்டிப்போனார். இருபது வயதுகூட இருக்காது. ரைஸ் மில்லில் மூட்டை ஏறுமே, அந்த மாதிரி ஒரு பெல்ட் தரையோடு தரையாகச் சரிவில் ஓடுகிறது. அதற்கு மேஜிக் கார்ப்பெட் என்று பேர். குழந்தைகள் அதன்மேல் பொம்மைகள் மாதிரி வரிசையாக நின்று மேலே போகிறார்கள். மேலே போனதும் அந்தப் பெண் இவனுக்கு முகம் காட்டி, பின்பக்கமாகவே சறுக்கி இறங்கினாள். கை இவன் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது, ஆனால் பிடிக்கவில்லை. "பீட்சா! பீட்சா!" என்று கத்தினாள். ஸ்கீ முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரி வைத்தால் வேகம் குறையும். இவனோ நிஜமாகவே பீட்சா கிடைக்கும் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்ட, ஸ்கீ நேராகிவிட்டது. போய் ஆரஞ்சு வலையில் மோதி விழுந்தான். நான் எழுந்து ஓடப்போனேன். மாப்பிள்ளை ஜாக்கெட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். அவன் எழுந்து சிரிக்கிறான் அப்பா. மூக்கு, வாய், கண்ணாடி எல்லாம் பனி. "இன்னொரு தடவை" என்று பெல்ட்டைக் கை காட்டுகிறான்.

எனக்கு அந்த நேரத்தில் நம் தோட்டத்துக் கிணறு ஞாபகம் வந்தது. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, நீங்கள் மோட்டுமேல் நின்று என்னைத் தள்ளிவிட்டீர்களே. அம்மா துவைகல் பக்கம் நின்று உங்களைத் திட்டிக்கொண்டே இருந்தாள். நான் மூக்கில் தண்ணீர் ஏறி அலறினேன். கயிற்றை எப்போது விட்டீர்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

பெரியவள் வேறு ரகம். முதல் நாள் முழுக்க நாற்காலி லிஃப்ட்டில் ஏற மாட்டேன் என்று அடம். நின்று கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து வந்து முழங்காலில் இடிக்கிறதாம். நேற்று நான் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிப்போனேன். இறங்குகிற இடத்தில் விழுந்தது நான்தான். லிஃப்ட்டையே நிறுத்தினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து அவளுக்குப் பயம் போய்விட்டது. பச்சை வட்டம் போட்ட சுலபமான பாதையிலிருந்து இன்று அதைவிடக் கஷ்டமான நீலச் சதுரத்துக்குப் போய்விட்டாள். இன்னும் கஷ்டமான கறுப்பு வைரம் எப்போது என்று கேட்கிறாள். நான் காதில் வாங்கவில்லை.

நாளை மத்தியானம் வரை சறுக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புகிறோம். சின்னவனுக்குக் கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்து, கன்னம் இரண்டும் கறுத்திருக்கிறது. வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா கூப்பாடு போட வேண்டாம். பனியில் பட்டுத் திரும்புகிற வெயில் அது, சன்ஸ்கிரீன் பூசியும் அப்படித்தான்.

ஜூலையில் நாங்கள் வரும்போது கிணற்றில் தண்ணீர் இருக்குமா அப்பா? பரணில் அந்தச் சுரைக்குடுக்கை இன்னும் கிடந்தால் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வருஷக் கொடியில் ஒரு காயை முற்ற விட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்