எரிச்சே மலைக்குப் போய் வந்தோம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுமென்று நல்லூரானை வேண்டுகிறேன். போனில் கதைத்திருக்கலாம். ஆனால் நீ எப்போதும் வேலைக்கு ஓடும் அவசரத்தில் இருப்பாய். இதை ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று பட்டது.

போன ஞாயிறு நானும் அப்பாவும் இங்கே இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் எரிச்சேக்குப் போய் வந்தோம். ஐந்தாம் வகுப்பில் உன்னோடு படித்த பிள்ளைகள் எல்லாரும் போன அதே மலையூர். அன்றைக்குச் சுற்றுலாவுக்குக் கட்டக் கையில் காசு இருக்கவில்லை. உன் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "காய்ச்சல் போலிருக்கிறது, நீ போக வேண்டாம்" என்றேன். காய்ச்சல் இல்லை என்று உனக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். இத்தனை வருடமாக அது எனக்குள் கிடக்கிறது.

பலெர்மோவிலிருந்து திராப்பனிக்கு பஸ். அங்கிருந்து கேபிள் காரில் பத்து நிமிடம். மலை 750 மீட்டர் உயரம். ஏற ஏறக் கீழே உப்பளங்கள் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. அப்பா கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்துவிட்டு "ஆனையிறவு" என்றார். அப்புறம் மேலே போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை.

ஊருக்குள் எல்லாம் கல். தெருவில் நீளக் கற்களால் கட்டம் கட்டி, நடுவில் சின்னக் கற்களை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஆட்கள் நடந்து நடந்து, அம்மி போல வழுவழுப்பாகிவிட்டது. வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு கதவு திறந்திருந்ததால் எட்டிப் பார்த்தேன். உள்ளே நடுமுற்றம், சுற்றிவரப் பூச்சாடிகள். எங்கள் அம்மம்மாவின் நாற்சார் வீடுதான்!

கோட்டை செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கிறது. 12ஆம் நூற்றாண்டில் நோர்மன்காரர் கட்டியது. அதற்கு முன்பு அங்கே இருந்தது அம்மன் கோயில். நான் அப்படித்தான் சொல்வேன். பினீசியர் அவளை அஸ்தார்த்தே என்றார்கள், கிரேக்கர் அஃப்ரோடைட்டி என்றார்கள், ரோமர் வீனஸ் என்றார்கள். கடலோடிகளின் தெய்வம். கோயில் கற்களில் கொஞ்சம் கோட்டைக்கும், கொஞ்சம் 1314இல் எழும்பிய பெரிய தேவாலயத்துக்கும் போனதாம். இன்றைக்கும் அதற்கு வீனஸ் கோட்டை என்றுதான் பெயர். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் கும்பிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இந்த நோர்மன்காரரின் கதையை வாசலில் வாங்கின சின்னப் புத்தகத்தில் அங்கேயே வாசித்து முடித்தேன். வடபிரான்ஸில் தங்கிரெத் என்று ஒருவர். இரண்டு மனைவிமார், பன்னிரண்டு ஆண்பிள்ளைகள். இருந்த காணி பங்கு போடக் காணாது. ஒருவர் பின் ஒருவராகத் தெற்கே வெளிக்கிட்டார்கள். கடைக்குட்டி ரொஜேர் தமையனோடு சேர்ந்து 1072இல் பலெர்மோவைப் பிடித்தான், 1077இல் திராப்பனியை. இந்த மலையை முற்றுகையிட்டபோது புனித ஜூலியானோ வேட்டை நாய்களோடு வந்து உதவினார் என்று நம்பி, ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1934 வரை இது மொன்தே சான் ஜூலியானோதான். ரொஜேரின் மகன் 1130இல் பலெர்மோவில் அரசனாக முடிசூடினான்.

அவர்கள் வாளோடு வந்தவர்கள், அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தத் தாயின் நினைவுதான் வந்தது. ரொஜேரைப் பெற்றவளின் பெயர் பிரெதெசெந்தா. எத்தனை பிள்ளைகளை வாசலில் நின்று வழியனுப்பியிருப்பாள்? உன்னை லண்டனுக்கு ஏற்றிவிட்டு விமான நிலையத்தில் நான் நின்ற நிலை எனக்குத்தான் தெரியும்.

மத்தியானம் கூஸ்கூஸ் சாப்பிட்டோம். கடைக்கார அம்மா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். ரவையில் தண்ணீர் தெளித்துத் தெளித்து விரல்நுனியால் உருட்டி, கொதிக்கும் சட்டியின் மேல் அடியில் துளையிட்ட மண்சட்டியை வைத்து ஆவியில் அவிக்கிறார்கள். இரண்டு சட்டியும் பொருந்தும் இடத்தில் மாவைக் குழைத்துப் பூசி அடைக்கிறார்கள், ஆவி ஒரு துளி வெளியே போகாது. பிறகு மீன் சாற்றை ஊற்றி ஊற விடுகிறார்கள். புட்டும் மீன் குழம்பும்தான், வேறென்ன! "நானும் இப்படித்தான் அவிப்பேன்" என்று கையால் செய்து காட்டினேன். அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்னேரம் முகில் வந்து ஊரை மூடிவிட்டது. வீனஸின் முத்தம் என்று இங்கே சொல்கிறார்கள். கோட்டை மதிலோரம் குளிருக்கு ஒண்டிக்கொண்டு இருந்தபோது அப்பாவுக்குப் புறாக் கதையைச் சொன்னேன். அதுவும் அந்தப் புத்தகத்தில் இருந்ததுதான். வருடத்தில் ஒருநாள் அம்மன் கடல்தாண்டி லிபியாவுக்குப் போவாளாம். கோயில் புறாக்கள் எல்லாம் அவளோடு பறந்துவிடும். ஒன்பது நாள் மலையில் ஒரு சிறகு இருக்காது. பிறகு கடல்பக்கமிருந்து முதலில் ஒரு புறா தனியாக வரும், அதன்பின் மற்றவை கூட்டமாக வந்திறங்கும். ஊரே விருந்து கொண்டாடும். அப்பா கேட்டுவிட்டு, "பிள்ளைக்கு லீவு எப்போதாம்?" என்றார்.

எரிச்சேயின் பாதாம் இனிப்பு ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். ஜெனோவேசே என்ற பணியாரத்தைச் சூட்டோடு சாப்பிட்டால்தான் ருசி, அதை வந்து சாப்பிடு. ஒன்பது நாளாவது லீவு கேட்டுப் பார். வரும்போது அடி வழுக்காத சப்பாத்தாகப் போட்டுக்கொண்டு வா, அந்தக் கற்கள் நல்லாய் வழுக்குது.

அன்புடன்,
அம்மா