நியூ ஜெர்சியில் பழைய ஜெர்சி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன மாதம் நம் கடையில் விற்ற பேஸ்பால் சட்டை ஒன்று திரும்பி வந்தது. 1940களில் தைத்தது என்று சீட்டு எழுதி வைத்திருந்தோம். வாங்கியவர் வீட்டில் சாவகாசமாக உள்பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறார். பக்கத் தையலுக்குள் மடிந்து கிடந்த லேபிள் துணுக்கில் ‘ஆர்என்’ என்று தொடங்கும் ஓர் எண் (துணி நிறுவனங்களுக்கு அரசு கொடுக்கும் பதிவு எண்), 13670க்கு மேலே. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் அந்த வரிசையைத் தொடங்கியதே 1959இல்தான். தப்பு எங்களுடையது. பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஆனால் போகும்போது அவர் ஒன்று கேட்டார்: “அப்புறம் எதை வச்சுத்தான் வயசு சொல்றீங்க?” நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் அது இருக்கும்.

முதலில், மார்பில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். ‘ஜயன்ட்ஸ்’, ‘கார்டினல்ஸ்’ என்று தைத்திருந்தால் உடனே நியூயார்க், செயின்ட் லூயிஸ் நகரங்களின் பெரிய தொழில்முறை அணிகள் என்று மனம் ஓடும். ஆனால் அந்தக் காலத்தில் பஞ்சாலை, நிலக்கரிச் சுரங்கம், தேவாலயம், பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு அணி வைத்திருந்தார்கள். பெரிய அணிகளின் பெயரையே தங்களுக்கும் சூட்டிக்கொண்டார்கள். சந்தைக்கு வரும் பழைய கம்பளிச் சட்டைகளில் பெரும்பாலானவை இவர்களுடையவைதான். முதுகில் ஒரு பேக்கரியின் பெயரோ இரும்புக் கடையின் பெயரோ இருந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். பழைய நகர டைரக்டரிகளில் அந்தக் கடையைத் தேடிப் பிடித்தால், சட்டையின் ஊர் கிடைத்துவிடும்.

துணி ஓரளவு காலம் சொல்லும். பெரிய அணிகள் 1970 வரை கம்பளி ஃபிளானல்தான் போட்டன. அந்த ஆண்டு ஜூலையில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் புது மைதானத்துக்குக் குடிபோனபோது பாலியஸ்டர் பின்னல் துணிக்கு மாறியது. சில வருடங்களில் மற்றவர்களும் மாறிவிட்டார்கள். முன்பக்கம் ஜிப் இருந்தால் 1937க்கு முன்னால் போகத் தயங்குவோம். அந்த வருடம் சிகாகோ கப்ஸ்தான் பெரிய அணிகளில் முதலில் ஜிப் வைத்தது. முதுகில் ஆட்டக்காரரின் பெயர் வந்தது 1960இல், சிகாகோ வைட் சாக்ஸில். 1939இல் பெரிய அணிகள் எல்லாமே பேஸ்பால் நூற்றாண்டு முத்திரையைச் சட்டைக் கையில் தைத்துக்கொண்டன. முத்திரையைப் பிரித்து எடுத்திருந்தாலும் அந்த இடம் மட்டும் வெளுக்காமல் நிற்கும்.

கழுத்து லேபிளில் ஸ்பால்டிங், ராலிங்ஸ், வில்சன், கோல்ட்ஸ்மித் என்று தயாரிப்பாளர் பெயர் இருக்கும். எங்களுக்கு அதைவிடப் பிரியமானது அதன் அடியில் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டாவது லேபிள்: சட்டையை விற்ற உள்ளூர் விளையாட்டுச் சாமான் கடையின் முகவரி. நகரத்தின் பெயருக்குப் பின்னால் ஓரிரு இலக்க அஞ்சல் எண் இருந்தால் பெரும்பாலும் 1943க்கும் 1963க்கும் இடைப்பட்டது. ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு (‘ஜிப் கோடு’) என்றால் 1963க்குப் பிந்தியது. எப்படித் துவைப்பது என்று லேபிளில் விளக்கமாக எழுதியிருந்தால் அநேகமாக 1972க்குப் பிறகு. அப்போதுதான் அது கட்டாயமானது.

சரி, லேபிளே இல்லை என்றால்? ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். எங்கள் வேலையில் மிகவும் சுவாரசியமான இடம் இதுதான். பெரிய அணிகள் பழைய சீருடைகளைத் தூக்கி எறியவில்லை. தங்கள் கீழ்நிலை அணிகளுக்கு அனுப்பின. அங்கே பழைய எழுத்தைப் பிரித்துவிட்டுப் புதிய பெயரைத் தைத்தார்கள். பிரித்த எழுத்தின் ஊசி ஓட்டைகள் வரிசையாக நிற்கும். எழுத்து மூடியிருந்த கம்பளி வெயில் படாததால் நிறம் மாறியிருக்கும். பொறுமையாகப் பார்த்தால் முழுப் பெயரையும் படித்துவிடலாம். சட்டையின் கீழ் ஓரத்தில் ஆட்டக்காரரின் பெயரும் வருடமும் நூலால் தைத்திருப்பதும் உண்டு.

ஏமாற்றுகிறவர்களும் இதே வழியில்தான் வருகிறார்கள். உண்மையான பழைய ஊர்ச் சட்டையை வாங்கி, எழுத்தைப் பிரித்து, புகழ்பெற்ற பெயரை ஒட்டிவிடுகிறார்கள். துணி பழசு, பட்டன் பழசு, பெயர் மட்டும் பொய். புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரர் பேப் ரூத் 1932 உலகத் தொடரில் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர்) அணிந்த சட்டை 2024இல் 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதைப் பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டு, எழுத்து துணியில் விழுந்திருக்கும் இடம் வரை பார்த்திருந்தார்கள். அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் ஆசைக்குப் பஞ்சமா?

புற ஊதா விளக்கு வைத்திருக்கிறீர்களா என்று சிலர் கேட்கிறீர்கள். இருக்கிறது. புதிய நூல் அதில் பளிச்சென்று ஒளிரலாம். ஆனால் இக்காலச் சோப்புத்தூளில் ஒருமுறை துவைத்த பழைய சட்டையும் ஒளிரும். அதனால் விளக்கு சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. கம்பளியா என்று பார்க்க நெருப்பு வைக்கச் சொன்ன ஒரு நண்பருக்கு: உள் தையலிலிருந்து ஒற்றை இழை போதும். முடி பொசுங்கும் வாடை வந்தால் கம்பளி, உருகினால் பாலியஸ்டர். சட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யாதீர்கள்.

இனி ஒவ்வொரு சட்டையோடும் உள்பக்கத்துப் புகைப்படங்களைத் தருவோம். உறுதியாகத் தெரிந்ததையும் ஊகத்தையும் தனித்தனியாக எழுதுவோம். ஊர் தெரியாவிட்டால் ‘ஊர் தெரியவில்லை’ என்றே இருக்கும். விலையும் அதற்கேற்ப இறங்கும். முன்பு எங்களிடம் வாங்கியவர்கள் சனிக்கிழமைகளில் சட்டையைக் கொண்டுவந்தால் இலவசமாகத் திரும்பப் பார்த்துத் தருகிறோம். சீட்டில் எழுதியது தப்பாக இருந்தால் பணம் வாபஸ். தயவுசெய்து துவைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவர வேண்டாம்.

அன்புடன்,
கடையிலிருந்து