"வீட்ல இருந்தே வேலை"ன்னு தேடுறவங்களுக்காக ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வரி விளம்பரப் பக்கத்துல "வீட்டிலிருந்தபடியே டைப்பிங் வேலை, அனுபவம் தேவையில்லை, உடனே அழைக்கவும்"னு ஒரு விளம்பரம் பாத்தேன். கம்பெனி பேர் இல்ல, என்ன டைப் பண்ணணும்னு இல்ல, ஒரு செல் நம்பர் மட்டும்தான். அது யாரு போட்டது, உண்மையா பொய்யான்னு எனக்குத் தெரியாது, ஆனா பாத்ததும் வயிறு கலங்கிடுச்சு, ஏன்னா ஆறு வருஷம் முன்னாடி வேற ஒரு இடத்துல வந்த இதே மாதிரி ரெண்டு வரிய நம்பித்தான் நான் மாட்டினேன்.

அப்ப குழந்தை பிறந்து வேலைய விட்டிருந்த நேரம். படமா வர்ற பக்கங்கள பாத்து டைப் பண்ணித் தரணும், பத்து நாள் கெடு. முன்பணம் எதுவும் கேக்கல, அதனாலயே நம்பிட்டேன். ஒரு அக்ரிமென்ட் மட்டும் மெயில்ல வந்துச்சு, படிச்சும் படிக்காமலும் கையெழுத்து போட்டு அனுப்பினேன். ராத்திரி குழந்தை தூங்கினப்புறம் கண்ணு எரிய எரிய அடிச்சு முடிச்சு அனுப்பினா, தப்பு அதிகம், நீங்க ஃபெயில், ஒப்பந்தத்த மீறிட்டீங்க, நஷ்ட ஈடு கட்டுங்க இல்லன்னா கோர்ட்டுக்கு வாங்கன்னு வக்கீல் பேர்ல ஒரு நோட்டீஸ். பயத்துல வீட்ல கூட சொல்லாம பாதிப் பணத்த கட்டிட்டேன். அந்த மாதிரி ஆளுங்களுக்கு நாம அடிச்சுக் குடுக்குற பக்கங்க எதுக்குமே தேவைப்படாது, அந்த நோட்டீஸ அனுப்புறதுதான் தொழிலேன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சுது.

இப்ப நாலு வருஷமா வீட்ல இருந்துதான் வேலை பாக்குறேன், ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு கஸ்டமர் சப்போர்ட், மாச சம்பளம், லீவு எல்லாம் உண்டு. அதனால வீட்ல இருந்து வேலைன்னாலே ஏமாத்துன்னு நான் சொல்ல வரல. 1973லயே ஜாக் நில்லஸ்னு ஒருத்தர் இதுக்கு டெலிகம்யூட்டிங்னு பேர் வச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்கார், 2020க்கு அப்புறம் உலகம் பூரா சகஜமாயிடுச்சு. நல்ல வேலை நிறைய இருக்கு, நாம தேடுற விதத்துலதான் கோளாறு.

நான் பண்ணின பெரிய தப்பு என்னன்னா "வீட்ல இருந்து வேலை"ன்னே தேடினது. அது வேலையோட பேரே கிடையாதே, உக்காந்து பாக்குற இடம் அவ்வளவுதான். ஆபீஸ்ல வேலை தேடுறவங்க யாராவது "நாற்காலில உக்காந்து வேலை"ன்னு தேடுவாங்களா? அக்கவுன்டன்ட், டெஸ்டர், டீச்சர்னுதானே தேடுவாங்க. ஏமாத்துறவங்களுக்கு இது நல்லாவே தெரியும், அதான் அவங்க விளம்பரத்துல எப்பவும் இடமும் சம்பளமும் கொட்டை எழுத்துல இருக்கும், வேலை என்னன்னு மட்டும் இருக்காது.

அதனால முதல்ல நமக்கு என்ன தெரியும்னு ஒரு பேப்பர்ல எழுதி, அதுக்கு கம்பெனிங்க என்ன பேர் வச்சிருக்காங்கன்னு கண்டுபிடிக்கணும். கணக்கு பாக்கத் தெரிஞ்சவங்களுக்கு புக்கீப்பிங், பேரோல் (சம்பளக் கணக்கு), அக்கவுன்ட்ஸ் பேயபிள் (கம்பெனி குடுக்க வேண்டிய பில் கணக்கு)னு இருக்கு. பொறுமையா பேசவும் எழுதவும் வர்றவங்களுக்கு கஸ்டமர் சப்போர்ட், சாட் சப்போர்ட். ரெண்டு மொழி நல்லா வந்தா டிரான்ஸ்லேஷன், சப்டைட்டில், பேச்ச கேட்டு எழுதுற டிரான்ஸ்கிரிப்ஷன். பாடம் எடுக்கத் தெரிஞ்சா ஆன்லைன் டியூஷன். மருத்துவம் சார்ந்த படிப்பு இருந்தா மெடிக்கல் கோடிங் (நோய், சிகிச்சை விவரத்த குறியீடா மாத்துற வேலை), ஆனா அதுக்கு முறையான பயிற்சியும் சர்டிஃபிகேட்டும் கேப்பாங்க, ஒரு வாரத்துல கத்துத் தரேன்னு சொல்றவங்கள நம்பாதீங்க. இந்த பேர போட்டு தேடிட்டு, அதுக்கப்புறம் ரிமோட்ங்கிற (ஆபீஸ் போகாம பாக்குற வேலை) ஃபில்டர போடுங்க. வேலை தேடுற லிங்க்ட்இன் தளத்துல ஆன்சைட் (ஆபீஸ்ல), ஹைப்ரிட் (ரெண்டும் கலந்து), ரிமோட்னு மூணா பிரிச்சே குடுத்திருக்காங்க, கூடவே கடைசி 24 மணி நேரத்துல வந்ததுன்னும் ஒரு ஃபில்டர் இருக்கு. அது ரெண்டையும் சேத்து தினமும் காலைல ஒரு தடவ பாக்குறது என் பழக்கமா இருந்துச்சு, ஏன்னா ரிமோட் வேலைக்கு ஊர் உலகமெல்லாம் அப்ளை பண்ணும், ரெண்டு வாரம் பழசான விளம்பரத்துக்கு அனுப்பினா யாரும் திறந்து கூட பாக்க மாட்டாங்க.

இன்னொரு வழி நிறைய பேருக்குத் தெரியல. பல கம்பெனிங்க வேலை விளம்பரத்த க்ரீன்ஹவுஸ், லீவர், ஒர்க்டே மாதிரி ஆள் எடுக்கிற சாஃப்ட்வேர்லதான் ஏத்துறாங்க. கூகுள்ல அந்த பேரையும் வேலையோட பேரையும் ரிமோட்ங்கிற வார்த்தையையும் சேத்து தேடினா கம்பெனியோட அப்ளிகேஷன் பக்கமே நேரா வரும், நடுவுல ஏஜென்ட் யாரும் கிடையாது. வேற எங்கயாவது விளம்பரம் பாத்தா கூட நான் அந்த லிங்க்க அமுக்க மாட்டேன், கம்பெனி வெப்சைட்ட தனியா திறந்து அவங்க கேரியர்ஸ் பக்கத்துல அதே வேலை இருக்கான்னு பாப்பேன். இல்லன்னா அவங்க வெப்சைட்ல இருக்குற முகவரிக்கு ஒரு மெயில் போட்டு கேட்டுடுவேன். பெரிய கம்பெனி பேர்ல, அவங்க லோகோவோட, நடுவுல ஒரு கோடோ ஒரு எழுத்தோ மட்டும் மாத்தின மெயில் ஐடிலருந்து ஆஃபர் லெட்டர் வரும், பாத்தா ஒரிஜினல் மாதிரியே இருக்கும். அந்த வெப்சைட் பேர, இன்டர்நெட் முகவரிகள ஒழுங்குபடுத்துற ஐகான் (ICANN) அமைப்போட லுக்அப் பக்கத்துல போட்டா பெரும்பாலும் எப்ப பதிவு பண்ணினாங்கன்னு காட்டும், காசு கிடையாது. இருபது வருஷக் கம்பெனின்னு சொல்லிக்கிட்டு வெப்சைட்ட போன மாசம்தான் பதிவு பண்ணியிருந்தா அங்கயே விட்டுடலாம்.

ரிமோட்னு போட்டிருக்கேன்னு சந்தோஷப்பட்டு உடனே அப்ளை பண்ணிடாதீங்க, கீழ வரைக்கும் படிங்க. குறிப்பிட்ட நாட்டுல இருக்குறவங்க மட்டும்னு சின்ன எழுத்துல இருக்கும், வரி, தொழிலாளர் சட்டம் எல்லாம் நாட்டுக்கு நாடு மாறுறதால கம்பெனிங்க அப்படித்தான் வைக்கும். சிலதுல அவங்க ஊர் நேரத்துக்கு நாலு மணி நேரமாவது சேந்து வேலை பாக்கணும்னு இருக்கும். சிலது எம்ப்ளாயி, சிலது கான்ட்ராக்டர். கான்ட்ராக்டர்னா லீவு, இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் நம்ம பொறுப்பு, வரியும் நாமளே கட்டணும், அப்ப சொல்ற சம்பளத்த அதே கண்ணோட பாக்கக் கூடாது. நான் முதல் ரெண்டு மாசம் இதெல்லாம் படிக்காமலே கண்ட இடத்துக்கும் அனுப்பி ஒரு பதிலும் வராம அழுதிருக்கேன்.

ரெஸ்யூம் பத்தி ஒண்ணு மட்டும் சொல்றேன். கலர் கலரா, பக்கத்த நெடுக்க ரெண்டா பிரிச்சு, போட்டோவெல்லாம் வச்சு பண்ணாதீங்க, முதல்ல அத படிக்கிறது பல இடத்துல சாஃப்ட்வேர்தான், பக்கத்த பிரிக்காம மேலருந்து கீழ வரைக்கும் எளிமையா இருந்தாத்தான் அதுக்கு ஒழுங்கா புரியும். விளம்பரத்துல அவங்க போட்ட வார்த்தை நமக்கு உண்மையாவே பொருந்தினா அதே வார்த்தைய போடுங்க. அதோட, பக்கத்துல மேனேஜர் இல்லாம தனியா ஒரு வேலைய முடிச்ச அனுபவம் ஏதாவது இருந்தா கட்டாயம் எழுதுங்க. ரிமோட்ல பாதி வேலை எழுத்துலதான் நடக்கும், தெளிவா ஒரு மெயில் எழுதத் தெரியுமான்னுதான் முதல்ல பாப்பாங்க. கிட்லாப்னு ஒரு கம்பெனி எல்லாரையும் ரிமோட்டாவே வச்சு நடத்துது, அவங்க வேலை பாக்குற முறைய ஹேண்ட்புக்கா எழுதி யார் வேணாலும் படிக்கிற மாதிரி இன்டர்நெட்லயே போட்டிருக்காங்க. இப்ப இருக்குற வேலைக்கான இன்டர்வியூக்கு முன்னாடி அத நான் நாலு நாள் உக்காந்து படிச்சேன், இன்டர்வியூல கேட்ட பாதிக் கேள்விக்கு அதுலருந்துதான் பதில் சொன்னேன்.

வேலை குடுக்குறவங்க நம்மகிட்ட காசு கேக்கக் கூடாதுன்னு எல்லாரும் சொல்றோம், சரிதான். ஆனா அப்வொர்க் மாதிரி ஃப்ரீலான்ஸ் தளத்துல விண்ணப்பிக்க கனெக்ட்ஸ்னு ஒரு மாதிரி டோக்கன காசு குடுத்து வாங்க வேண்டி வரும், கமிஷனும் பிடிப்பாங்க, அத மோசடின்னு நினைச்சு குழம்ப வேண்டாம், அது அந்த தளத்துக்குப் போற கட்டணம். அங்க பாக்க வேண்டியது வேற. "டெலிகிராமுக்கு வாங்க, பணத்த வெளில வச்சுக்கலாம்"னு எவனாவது கூப்பிட்டா போகாதீங்க, தளத்த விட்டு வெளில போனா விதிப்படியும் தப்பு, பணம் வரலன்னா கேக்கவும் ஆள் இருக்காது.

டெலிகிராம்னதும் இத சொல்லியே ஆகணும். லைக் போடு, ரேட்டிங் குடு, ஒரு டாஸ்க்குக்கு இவ்வளவுன்னு மெசேஜ் வருதே, அதுல முதல் ரெண்டு நாள் நிஜமாவே கொஞ்சம் காசு தருவாங்க, அங்கதான் நாம விழுறோம். அப்புறம் அடுத்த லெவலுக்குப் போக நீங்க பணம் போடணும்பாங்க, திரையில உங்க கணக்கு ஏறிக்கிட்டே இருக்கும், எடுக்கப் போனா இன்னும் கட்டுங்கன்னு வரும். அமெரிக்காவுல நுகர்வோர் புகார்கள பாக்குற அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுக்கு இந்த டாஸ்க் மோசடி பத்தி 2023 முழுக்க வந்த புகார் சுமார் 5,000, 2024ல முதல் ஆறு மாசத்துலயே சுமார் 20,000. புகார் குடுத்தவங்க கணக்கு மட்டும்தான் இது, என்னை மாதிரி வெக்கப்பட்டு வாய மூடிக்கிட்டவங்க எத்தன பேரோ.

இதவிட பயமானது இன்னும் ரெண்டு இருக்கு. வீட்டுக்கு வர்ற பார்சல பிரிச்சு வேற முகவரி ஒட்டி அனுப்புற வேலை, அது பெரும்பாலும் திருட்டு கார்டுல வாங்கின பொருள். உங்க பேங்க் கணக்குல பணம் வரும், கமிஷன எடுத்துக்கிட்டு மிச்சத்த அனுப்புங்கன்னு சொல்ற வேலை, அது திருட்டுப் பணம். இதுல பணம் போறதோட நிக்காது, போலீஸ் நம்ம வீட்டுக்குத்தான் வரும்.

நல்ல கம்பெனின்னா பெரும்பாலும் முகம் பாத்து பேசுவாங்க, வீடியோவுல. சாட்லயே அரை மணி நேரத்துல செலக்ட்டட்னு சொன்னா நகந்துடுங்க. நாமளும் கேள்வி கேக்கணும், நான் யாருக்கு ரிப்போர்ட் பண்ணணும், லேப்டாப் யார் தருவாங்க, என் ஸ்கிரீன பாக்குற சாஃப்ட்வேர் ஏதாவது போடுவீங்களா, சம்பளம் எந்த தேதி எப்படி வரும்னு. இதுக்கு எரிஞ்சு விழுற இடத்துல வேலை பாக்க முடியாது. ஒரு மணி நேர டெஸ்ட் குடுத்தா பண்ணலாம், ஒரு வாரத்து வேலைய டெஸ்ட்ங்கிற பேர்ல வாங்கினா மாட்டேன்னு சொல்லுங்க. வேலைல சேர முன்னாடியும் சரி, சேந்தப்புறமும் சரி, உங்க பேங்க் ஓடிபி, பாஸ்வேர்டு யாருக்கும் தேவைப்படாது.

இப்பவே ஒரு ஆபீஸ்ல வேலைல இருக்குறவங்க வெளில தேடுறதுக்கு முன்னாடி அங்கயே கேட்டுப் பாருங்க, வாரத்துல ரெண்டு நாள் வீட்ல இருந்து பண்றேன், மூணு மாசம் பாத்துட்டு சொல்லுங்கன்னு. என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் கிடைச்சுது, ஒரு அப்ளிகேஷன் கூட போடல.

ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். வீட்டிலிருந்து வேலைன்னு விளம்பரம் குடுக்க வர்றவங்ககிட்ட கம்பெனி பேர், வெப்சைட், வேலையோட பேர், வேலை நேரம், இந்த நாலையும் கட்டாயம் கேளுங்க, குடுக்கலன்னா அத அச்சிடாதீங்க. பேப்பர்ல வந்திருக்கு, அப்ப உண்மையாத்தான் இருக்கும்னு நம்புற ஆளுங்க இன்னும் இருக்காங்க, குழந்தைய தூங்க வச்சுட்டு ராத்திரி பதினோரு மணிக்கு அந்த நம்பர குறிச்சு வச்சுக்கிறவங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி