முக்கோண வாத்தியாருக்கு ஒரு புகார்

அம்மாப்பேட்டை, சேலம்

அன்புள்ள மாப்பிள்ளை சண்முகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். பொங்கலுக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை. திட்டுவதாக இருந்தால் இதைப் படித்து முடித்துவிட்டு மொத்தமாகத் திட்டிக்கொள். செல்விக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நாக்கு குறையவில்லை. குப்புசாமி அதே கடையில் அதே நாற்காலியில் இருக்கிறான். அந்த இருநூறு ரூபாயைப் பற்றி மட்டும் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. மோட்டார் காயில் கட்டும் பட்டறை ஓடுகிறது. ஊர்ச் செய்தி இவ்வளவுதான்.

இனிப் புகார். அது உன்மீதுதான்.

பேத்தி யாழினி பத்தாம் வகுப்பு என்பது உனக்குத் தெரியும். பொதுத்தேர்வு நெருங்குவதால் பள்ளி விட்டதும் பட்டறைக்கு வந்துவிடுகிறாள். வீட்டில் தொலைக்காட்சித் தொல்லையாம், இங்கே நான் மட்டும்தான் தொல்லையாம். காயில் கட்டும் மேசையின் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இயற்பியல் திருப்புதல் செய்கிறாள். என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு முக்கோணம். உச்சியில் வி (மின்னழுத்தம்), அடியில் ஐ (மின்னோட்டம்), ஆர் (மின்தடை). எது வேண்டுமோ அதை விரலால் மறைத்தால் மிச்சம் இருப்பது விடை. அடுத்த பக்கத்தில் விசை, நிறை, முடுக்கத்துக்கு ஒரு முக்கோணம். அதற்கடுத்து அடர்த்திக்கு ஒன்று, திறனுக்கு ஒன்று. நோட்டு முழுக்கக் கோயில் திருவிழாத் தோரணம்.

இந்த வித்தையை ஆத்தூரில் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவன் யார்? “ஒரு படம் போட்டால் மூன்று சூத்திரம்” என்று என்னிடமே பீற்றிக்கொண்டவன் நீ. உன்னிடம் படித்தவர்கள் வாத்தியாராகி, அவர்களிடம் படித்தவர்களும் வாத்தியாராகி, கடைசியில் அந்த முக்கோணம் என் பட்டறைக்கே வந்து சேர்ந்துவிட்டது.

முக்கோணம் போட்டால் மதிப்பெண் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவளிடம், “ஒரு நியூட்டன் என்றால் எவ்வளவு?” என்று கேட்டேன். ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளை வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வீதம் முடுக்கும் விசை என்று மூச்சு விடாமல் ஒப்பித்தாள். சரியான பதில். “சரி, கையில் வைத்தால் எவ்வளவு கனம்?” என்றேன். விழித்தாள். அவளைப் பொறுத்தவரை நியூட்டன் விடைத்தாளின் ஓரத்தில் எழுதுகிற ஓர் எழுத்து, அவ்வளவுதான்.

கம்பி நிறுக்கும் தராசில் நூறு கிராம் செம்புக் கம்பியைச் சுருட்டி நிறுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். கையை நீட்டியபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதைத் தாங்க அந்தக் கை மேல்நோக்கிக் கொடுக்கும் விசை ஏறத்தாழ ஒரு நியூட்டன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “அப்படியானால் நான் நானூறு நியூட்டனா, தாத்தா?” என்றாள். பெண் நாற்பத்தொரு கிலோ. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. அன்று இரவு செல்வியின் நியூட்டனைக் கேட்கப் போய் இருவரும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அதன்பிறகு முக்கோணத்தை மூடி வைத்துவிட்டு அலகைப் பிடித்துக்கொண்டோம். ஆம்பியர் என்றால் ஒரு வினாடியில் ஒரு கூலூம் மின்னூட்டம் பாய்வது. வோல்ட் என்றால் ஒரு கூலூமை நகர்த்த ஒரு ஜூல் வேலை. இரண்டையும் பெருக்கச் சொன்னேன். மேலே இருக்கிற கூலூமும் கீழே இருக்கிற கூலூமும் அடிபட்டு, வினாடிக்கு இத்தனை ஜூல் என்று மிஞ்சியது. அதுதானே வாட்? மின்திறனுக்கு மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே அலகு சொல்லிவிட்டது. பெண் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, “இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை?” என்று கேட்டாள். உன் முகவரியைக் கொடுக்கலாமா என்று யோசித்தேன்.

அலகு எழுத மறந்ததற்குத் திருப்புதல் தேர்வில் அரை மதிப்பெண் குறைத்துவிட்டார்கள் என்று அவளுக்குக் கோபம் வேறு. அமெரிக்காக்காரர்கள் செவ்வாய்க்கு அனுப்பிய விண்கலம் 1999இல் போய்ச் சேர்ந்த அன்றே தொலைந்த கதையைச் சொன்னேன். ஒரு தரப்பு மென்பொருள் கணத்தாக்கை, அதாவது விசையையும் நேரத்தையும் பெருக்கி வருவதை, பவுண்டு கணக்கில் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் வினாடி என்று நினைத்துக்கொண்டது. கலம் போகவேண்டிய உயரத்துக்கு மிகவும் தாழ்வாகப் போய் அழிந்தது. அரை மதிப்பெண் மலிவு என்று ஒப்புக்கொண்டாள்.

இப்போது அவளுக்கு எதைப் பார்த்தாலும் ஜூலாக மாற்ற வேண்டும். மின் கட்டண அட்டையில் போடுகிற ஒரு யூனிட் என்பது கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். வீட்டுக்கு இலவசமாகத் தருகிற 100 யூனிட் 36 கோடி ஜூல். அதை வைத்துக்கொண்டு ஏற்காட்டுப் பஸ்ஸை மலைமேல் ஏற்ற முடியுமா என்று கேட்டாள். ஆளோடு சேர்த்துப் பத்து டன் என்று வைத்துக்கொண்டோம். சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். நிறை, 9.8, உயரம் மூன்றையும் பெருக்கினால் பதினோரு கோடியே எழுபத்தாறு லட்சம் ஜூல். முப்பத்திரண்டரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். உராய்வு, என்ஜினில் வீணாகும் வெப்பம் எல்லாவற்றையும் மறந்துவிட்டால், இலவச மின்சாரத்தில் ஏற்காட்டுப் பஸ்ஸை மூன்று தடவை மேலே ஏற்றலாம். நான் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். குப்புசாமியிடம்கூடக் காட்டினேன்.

“அந்த 20 கொண்டை ஊசி வளைவும் கணக்கில் வரவே இல்லையே?” என்று அவளே கேட்டாள். புவி ஈர்ப்புக்கு எதிராகச் செய்யும் வேலைக்கு உயரம்தான் கணக்கு. வளைத்து வளைத்துப் போவதால் தூரம் கூடுகிறது, அதற்கு ஈடாகத் தேவைப்படும் விசை குறைகிறது. பெருக்குத்தொகை மாறுவதில்லை. செங்குத்தாகச் சாலை போட்டிருந்தால் எந்தப் பஸ்ஸும் ஏறியிருக்காது. தொப்பி வாத்தியார் நம்மை மலைக்கு அழைத்துப்போன அன்று இதைச் சொல்லியிருக்கலாம். அவருக்கு உன் வாந்தியைச் சமாளிக்கவே நேரம் போதவில்லை.

சிரித்தாகிவிட்டது. இனி இதை எழுதிய காரணத்துக்கு வருகிறேன்.

போன வாரம் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒன்றைக் கட்டி முடித்து ஓடவிட்டிருந்தேன். மெயின் காயிலின் மின்தடை நாலு ஓம் என்று முதலிலேயே அளந்து அட்டையில் எழுதியிருந்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள். 230 வோல்ட்டை நாலால் வகுத்தால் ஐம்பத்தேழரை ஆம்பியர் பாய வேண்டும். மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரைக் கம்பியில் மாட்டிக் காட்டினால் ஆறரை. சரி, வேறு வழியில் பார்ப்போம் என்று ஒரு குதிரைத்திறன் 746 வாட், அதை 230ஆல் வகுத்தாள். மூன்றேகால் வந்தது. அதுவும் பொருந்தவில்லை. ஒரே மோட்டாருக்கு மூன்று விடை. “ஓம் விதி பொய்யா, தாத்தா?” என்று கேட்டாள்.

பிற்பாதியைச் சமாளித்துவிட்டேன். 746 என்பது தண்டில் கிடைக்கும் திறன், உள்ளே போவது அதைவிட அதிகம், மாறுமின்னோட்டத்தில் திறன் காரணி என்று ஒன்று உண்டு, வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கியதில் ஒரு பங்குதான் திறனாகும் என்றேன். முற்பாதிதான் இடிக்கிறது. சுற்றுகிற மோட்டாரில் வரும் மின்னழுத்தத்தை எதிர்த்து உள்ளேயே ஒன்று உண்டாகிறது, அதனால்தான் ஆறரையோடு நிற்கிறது என்று எனக்குத் தெரியும். தண்டு மாட்டிக்கொண்டு சுழலாமல் நின்றால் அந்த எதிர்ப்பு பெருமளவு போய்விடும். ஐந்து மடங்கு மின்னோட்டம் இழுக்கும். மின்னோட்டத்தின் வர்க்கம் என்று ஜூல் விதியில் வருவதால் வெப்பம் இருபத்தைந்து மடங்கு. வார்னிஷ் கருகும் நாற்றம் தெருமுனை வரை வரும். மண் அடைத்து எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்தே நான் குடும்பம் நடத்தியவன். ஆனால் இதைப் பத்தாம் வகுப்புக்காரிக்கு, அவள் தேர்வில் எழுதவேண்டிய ஓம் விதியைக் குழப்பாமல் எப்படிச் சொல்வது? ஓம் விதியில் வரும் ‘மாறா வெப்பநிலையில்’ என்ற நிபந்தனையை, சூடான காயிலை மறுபடி அளந்து ஓம் கூடியிருப்பதைக் காட்டிப் புரியவைத்துவிட்டேன். இதற்கு என்னிடம் அப்படி ஒரு வழி இல்லை.

இன்னொன்றும் உண்டு, மாப்பிள்ளை. இதே கேள்வியை அவள் வகுப்பில் கேட்டிருக்கிறாள். பாடத்தில் இல்லாததைக் கேட்காதே, சூத்திரத்தைப் படி என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வாத்தியாருக்கும் பாடம் முடிக்கும் அவசரம், குறை சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து, “எனக்கு இயற்பியல் வராது, பதினொன்றில் வேறு பிரிவு எடுத்துக்கொள்கிறேன்” என்கிறாள். அவள் அப்பாவும் தலையாட்டுகிறார். எனக்கு நம் மணியின் ஞாபகம் வந்துவிட்டது. ரேடியோவைப் பிரித்துப் பூட்டிவிடுவான், அதே ரேடியோவைப் பற்றி இரண்டு வரி எழுதச் சொன்னால் வியர்த்துவிடுவான். ‘வராது’ என்று அவனுக்கு யார் சொன்னார்கள், அவன் எங்கே போனான் என்பதெல்லாம் உனக்கும் தெரியும். எழுத வேண்டாம்.

அதனால் நீ பதில் போடு. தொலைபேசியில் வேண்டாம், கடிதமாக, உன் அந்த மணிமணியான கையெழுத்தில், அவள் பெயருக்கே போடு. அவள் கேட்டது நல்ல கேள்வி என்று முதல் வரியிலேயே எழுது. அதை நான் சொன்னால் தாத்தா சொல்வதாகத்தான் இருக்கும், இயற்பியல் வாத்தியார் சொன்னால் வேறு. எதிர் மின்னழுத்தத்துக்குப் படம் போட்டுக் காட்டு. முக்கோணம் மட்டும் கூடாது.

இப்படிக்கு,
பழனி

பி.கு.: உன் வீட்டுக் கிணற்று மோட்டார் உறுமுகிறது என்று எழுதியிருந்தாயே, பெரும்பாலும் கெபாசிட்டராகத்தான் இருக்கும். சுழலாமல் உறுமினால் உடனே அணைத்துவிடு. ஏன் என்று மேலே எழுதியிருக்கிறேன்.